நல்ல சேதி மட்டும் சொன்னவள்

அக்கா வேலையில் இருந்தவரை எங்கள் கல்லூரியின் மின்னணு ஆய்வகத்தில் எந்தப் பிள்ளைக்கும் ஒரு சோதனையும் தப்பாக வந்ததில்லை. மேசையைச் சுற்றி நான்கு பேர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். திரையில் அலை வராது, வந்தாலும் தலை வெட்டுப்பட்டு வரும். அக்கா பைய வந்து பின்னால் நிற்பாள். ஒரு கம்பியை அழுத்திவிடுவாள், ஒரு குமிழைக் கொஞ்சம் திருகுவாள். அலை நிமிர்ந்துவிடும். "வந்துட்டுல்லா, வரஞ்சுக்கோங்க" என்று அடுத்த மேசைக்குப் போய்விடுவாள். முதலில் ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவள் அந்த ஆய்வகத்தின் பயிற்றுநர். நான் அதே கட்டடத்தின் மாடியில் கணிதம் நடத்துகிறவள். என்னைவிட ஆறு வயது மூத்தவள் என்பதால் அக்கா. பெயரை எழுதப்போவதில்லை. பாளையங்கோட்டையில் பல பேருக்கு அவளைத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் இன்றும் அவள் பக்கம்தான்.

'இல்லை' என்ற சொல் அவளுக்கு வராது. ஒருநாள் வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் நாங்கள் நின்றிருந்தோம். அம்பாசமுத்திரம் பஸ் எங்கள் கண்ணெதிரே புறப்பட்டுப் போனது. அரை நிமிஷம் கழித்து ஒரு வயதானவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்பாசமுத்திரம் வண்டி போயிட்டாம்மா?"

"இப்ப வந்துரும், அண்ணாச்சி. இங்கன இருங்க" என்றாள் அக்கா.

அவர் முகம் தெளிந்து, துண்டை உதறி உட்கார்ந்துகொண்டார். நான் அக்காவைத் தனியே இழுத்து, "போனத நாமதான பாத்தோம்?" என்றேன்.

"போயிட்டுன்னா பாவம், ஓடி வந்ததுக்கு மனசு விட்டுப்போகும். அடுத்தது வரும்லா."

அடுத்தது வந்தது, முக்கால் மணி நேரம் கழித்து. அதற்குள் நாங்கள் போய்விட்டோம். இதை நான் எத்தனையோ பேரிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று அவளே எனக்குச் சொன்னது. மேலப்பாளையத்தில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில், பீடி சுற்றும் ஒரு அம்மா இருந்தார். மகன் துபாயில். அம்மாவின் செல்போன் கெட்டுப்போயிருந்ததால் அவன் அக்காவின் எண்ணுக்குத்தான் கூப்பிடுவான். ஒரு தடவை இரண்டு வாரம் அவனிடமிருந்து அழைப்பே வரவில்லை. அந்த அம்மா பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாராம். அக்கா போய், "நீங்க ரேசனுக்குப் போயிருந்தப்ப கூப்பிட்டாம்மா. மாத்திர போட்டியளான்னு கேட்டான். வேல ஜாஸ்தியாம்" என்று சொல்லிவிட்டாள். அன்றும் சொன்னாள், நான்கு நாள் கழித்து இன்னொரு தடவையும் சொன்னாள்.

"அவனுக்கு எதும் ஆயிருந்தா என்னக்கா செஞ்சிருப்பிய?" என்று கேட்டேன்.

"ஆகலைல்லா. அந்த ரெண்டு வாரமும் அவிய சோறு தின்னாவ. அது போதும்."

அன்று அவள்மேல் எனக்குப் பிரியம் கூடத்தான் செய்தது. ஒரு மனுசிக்கு இவ்வளவு இளகின மனசு இருக்குமா என்று நினைத்தேன். எனக்கு முதல் கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்தபோது ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தவளும் அவள்தான். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அம்மாவோ என் கணவரோ கூப்பிட்டால் திரும்பமாட்டேன். அக்கா சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். சுவரைப் பார்த்தால் அவள் முகம்தான் தெரியும்.

இனி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தாமிரபரணியில் வெள்ளம் வருவதைக் கீழே உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல ஒரு ஏற்பாடு பேசப்பட்டது. பாபநாசத்திலிருந்து கொற்கைப் பக்கம் வரை பாலங்களிலும் மதகுகளிலும் நாற்பது சின்னக் கருவிகள். ஒவ்வொன்றும் தண்ணீர் மட்டத்தை அளந்து, கம்பி இல்லாமல் வானலை வழியே சொல்லும். மேல்நிலைத் தொட்டிகளின் உச்சியில் அவற்றைக் கேட்கும் கருவிகள் இருக்கும். மட்டம் ஒரு குறியைத் தாண்டினால் கரையில் உள்ளவர்களின் செல்போனுக்குச் செய்தி போகும்.

சாதாரண நாளில் ஒவ்வொரு கருவியும் மணிக்கு ஒரு தடவை பேசினால் போதும். வெள்ள நாளில் எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் பேசும். ஒரே அலைவரிசையில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டுமே கேட்காது. அந்த அலைவரிசை எங்களுக்கு மட்டும் உள்ளதும் இல்லை. உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம். தோப்புகளில் மோட்டார் போடும் ரிமோட், காற்றாலைக் கருவிகள், புதுவகை மீட்டர்கள் என்று எத்தனையோ அதில் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவே, எல்லாம் அவசரப்படும் நாளில், நூறு சேதியில் எத்தனை போய்ச் சேரும்? இதற்குக் கணித மாதிரி ஒன்றைக் கட்டுவதுதான் என் முனைவர் பட்ட வேலை.

மாதிரியைக் காகிதத்தில் கட்டிவிட்டேன். அது மெய்யா என்று பார்க்க, நாற்பது இடத்திலும் போய் உட்கார்ந்து இரைச்சலை அளக்க வேண்டும். காலை, மதியம், மாலை. அக்காதான் தானாகவே முன்வந்தாள். "எனக்குக் கருவி தெரியும், ஒனக்குக் கணக்கு தெரியும். வா போவோம்" என்றாள். அவள் ஸ்கூட்டரில் ஆன்டெனாவைக் காய்கறிப் பையில் போட்டு, பைக்கு மேலே இரண்டு முருங்கைக்காயைச் செருகிக்கொண்டு கிளம்புவோம். யாராவது என்னவென்று கேட்டு நேரம் போகக்கூடாது என்பதற்காக அந்த முருங்கைக்காய்.

முதல் நான்கு இடங்களில் ஆன்டெனாவை எங்கே வைத்து அளப்பது என்று பார்த்துவைத்தோம், அளக்கத் தொடங்குவதற்குள் நான் மறுபடி கருவுற்றேன். வண்டியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீ வீட்ல இருட்டி. நான் போயிட்டு வாறேன்" என்றாள் அக்கா.

என் மாதிரி ஒவ்வொரு இடத்துக்கும் என்ன அளவைக் காட்டும் என்று சொல்லும் புரோகிராமை அவளுடைய மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தேன். கருவி பழுதாகி ஏதாவது கன்னாபின்னாவென்று காட்டினால் அங்கேயே தெரிந்துவிடும் என்ற எண்ணம். அதைக் கொடுத்தது நான்தான். இதை நான் மறைக்கக்கூடாது.

எட்டு வாரம் போனாள். வெயிலில் முகம் கறுத்துவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அளவுகளின் கோப்பு வரும். கூடவே படங்கள்: வாழைத்தோப்பு, மதகின் மேல் கொக்கு, துணி துவைக்கும் பெண்கள். பிறகு போன் வரும். "ஒன் கோடு மாதிரியே வருதுட்டி. நீ ஒண்ணும் யோசிக்காத, நல்லாத் தூங்கு." நான் அளவுகளைப் புள்ளிகளாக வைத்துப் பார்ப்பேன். என் கோட்டின் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி விழும். கடைசிக் கோப்பு வந்த அன்று நாற்பது புள்ளிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து அழுதேன். சேரன்மகாதேவி மதகின் புள்ளி மட்டும் கோட்டைவிட்டு எட்ட நின்றது. அதுவும் எனக்குச் சந்தோஷம்தான். நிஜமான அளவு என்றால் ஒன்றாவது முரண்டு பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் பிறந்தாள். கருவிகளும் அமைந்தன. முதல் வருஷம் மழை லேசாகத்தான் பெய்தது. எல்லாச் செய்தியும் ஒழுங்காக வந்தது.

மறுவருஷம் கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. இரண்டாம் நாள் முற்பகல் கல்லூரியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மேலே உள்ள கருவிகள் வேகமாகப் பேசத் தொடங்கின. பதினொரு மணிக்கு மேல், கீழே உள்ளவை ஒவ்வொன்றாக நின்றுபோயின. நின்ற கருவிக்கு நேரே திரையில் அதன் கடைசி அளவு அப்படியே இருந்தது. தண்ணீர் மட்டம் சாதாரணம் என்று பச்சை நிறத்தில் காட்டியது. அக்கா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"எல்லாம் ஏங்க்கா நின்னு போவுது?"

"கருவி நனைஞ்சிருக்கும். ஒன் கணக்குல தப்பு இருக்காதுட்டி" என்றாள்.

நான் அதிகாரிகளுக்குப் போன் போட்டேன். எல்லாரும் வேறு வேறு அழைப்பில் இருந்தார்கள். ஒருவர் எடுத்தபோது ஒரு மணி ஆகிவிட்டது.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றுப் புறம்போக்கில் ஒரு பெரியவர் ஆட்டுப்பட்டி போட்டிருந்தார். நாங்களே போய் அவருடைய எண்ணைப் பதிந்துகொண்டு வந்திருந்தோம். அன்று அவருக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. அவரும் மனைவியும் ஒரு மோட்டார் ரூமின் மேல் ஏறி உயிர் பிழைத்தார்கள். பட்டியில் இருந்த ஆடுகள் எல்லாம் போய்விட்டன. தண்ணீர் வடிந்த பிறகு அவரைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மெசேஜ் வந்தா ஓட்டிட்டுப் போயிரணும்னு சொன்னிய" என்றார். "போனக் கையிலேயே வச்சிருந்தேன். வரல. வரலன்னா தண்ணி வரலன்னுதானம்மா அர்த்தம்?"

அவர் மனைவி என்னைப் பார்க்கவில்லை. உடைமரத்தில் சிக்கியிருந்த பட்டி வலையை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

கருவிகளைக் கழற்றிப் பார்த்தோம். ஒன்றுகூட உள்ளே நனைந்திருக்கவில்லை. எல்லாமே விடாமல் பேசியிருந்தன. அவை பேசியது யார் காதிலும் விழவில்லை.

மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு நானே பஸ்ஸில் போனேன். முதல் இடத்திலேயே இரைச்சல் கோப்பில் இருந்ததைவிட எத்தனையோ மடங்கு இருந்தது. இரண்டு வருஷத்தில் கூடியிருக்கும் என்று நினைத்தேன். அக்காவைச் சந்தேகிப்பதற்கு முன்னால் காற்றாலைகளை, மீட்டர்களை, என் கையில் இருந்த கருவியை எல்லாம் சந்தேகித்தேன். ஒரு வாரம் கழித்து சேரன்மகாதேவிக்குப் போனேன். அங்கே கருவி மாட்டியிருந்த கம்பத்தின் உயரத்தைக் கண்ணால் அளந்தேன்.

அது மூன்று மீட்டர்க் கம்பம். புரோகிராமில் நான் அதை முப்பது என்று தவறுதலாக அடித்திருந்தேன். ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்து என் பிரதியில் திருத்தினேன். அக்காவின் பிரதியில் திருத்த மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் பழைய முப்பதைப் போட்டுப் பார்த்தேன். முரண்டு பிடித்த புள்ளி கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. முப்பது மீட்டர் உயரத்தில் கேட்கக்கூடிய இரைச்சலைத்தான் அக்கா மூன்று மீட்டர்க் கம்பத்தில் 'அளந்திருந்தாள்'. ஆறு சொன்னது என்று நான் நம்பியதெல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான். கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேலப்பாளையத்துக்குப் போனேன். அக்கா சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாட்டி, சாப்பிட்டியா?" என்றாள்.

"சேரன்மகாதேவி மதகுக்கு நீங்க போனியளா?"

"போனேன்."

"அளந்தியளா?"

"அளந்தேன்."

"எனக்கு அனுப்புனது அந்த அளவா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நறுக்கிய காயைத் தட்டில் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"இல்ல" என்றாள்.

எட்டு வருஷப் பழக்கத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து முதல்முதலாகக் கேட்டேன்.

எழுந்து போய் பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்தாள். நாற்பது இடமும் அதில் இருந்தன. நாள், நேரம், அளவு, அவளுடைய குண்டுக் கையெழுத்தில். காலை, மதியம், மாலை என்று ஒரு வேளைகூட விடாமல் அளந்திருந்தாள். சில பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு: 'கரண்ட் வந்ததும் ஏறுது.' அடுத்த பக்கத்திலும் அதே: 'இங்கயும் கரண்ட் வந்ததும்.'

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து படித்தேன். மற்றவர்களின் கருவிகள் தனித்தனியே, நினைத்த நேரத்தில் பேசும் என்று வைத்துத்தான் என் மாதிரியைக் கட்டியிருந்தேன். அது தப்பு. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள அத்தனை கருவியும் ஒன்றாக விழித்து ஒன்றாகப் பேசுகின்றன. மழை நாளில் மின்சாரம் போய்ப் போய் வரும். என் ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்த ஒரே உண்மை அதுதான். அதை அவள் கண்டுபிடித்து, எழுதி, சேலைக்கு அடியில் வைத்திருந்தாள்.

"மொத வாரமே தெரிஞ்சுபோச்சுட்டி" என்றாள். "ஒன் கோட்டுக்கும் இதுக்கும் ஒட்டவே இல்ல. ஒனக்கு அப்ப நாலு மாசம் முடிஞ்சு அஞ்சு. மொதப் பிள்ள அஞ்சுலதான போச்சு. ஆஸ்பத்திரில நீ கெடந்த கெடய நான் பாத்தேம்லா. அந்த மாசம் கழியட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்னு நெனச்சேன்."

"பொறவு ஏன் சொல்லல?"

"பொறவு நீ சந்தோசமா இருந்த."

"பிள்ள பொறந்த பொறவு?"

அவள் நறுக்காத காயை அள்ளித் தட்டின் மறுபக்கம் வைத்தாள்.

"அந்தப் பெரியவரு பொஞ்சாதி மோட்டார் ரூம் மேல நின்னுச்சே. அன்னைக்கும் எம் பின்னாடி நின்னுக்கிட்டு, ஒன் கணக்குல தப்பில்லன்னுதான சொன்னிய?"

"அந்நேரத்துல அதச் சொல்லி என்னட்டி ஆகப்போவுது. நீ ஏற்கெனவே நடுங்கிக்கிட்டு இருந்த."

அவள் அழுதிருந்தால் ஒருவேளை எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் என்னைத்தான் கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் கொண்டுவரட்டுமா என்பதுபோல. எனக்கு நெஞ்சு கொதித்தது அங்கேதான். அவள் கண்ணுக்கு நான் நல்ல சேதியை மட்டுமே தாங்கக்கூடிய ஒரு ஆள். அத்தனை வருஷமும் அப்படித்தான் என்னை வைத்திருந்திருக்கிறாள். ஓடி வந்த அந்தக் கிழவரையும், பீடி சுற்றும் அம்மாவையும் வைத்திருந்த அதே இடத்தில்தான் என்னையும் வைத்திருந்தாள். நான் என்னவோ அவளோடு சேர்ந்து அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததாக நினைத்தேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாப்பிட்டுப் போ என்று வாசல் வரை வந்தாள்.

திங்கட்கிழமை கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடுத்தேன். திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிக்கும் எழுதினேன். கோப்பைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்பதையும் எழுதினேன். விசாரணை என்று யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் அக்கா வேலையை விட்டுவிட்டாள். ஆய்வகப் பிள்ளைகள் கூடிநின்று அவளை வழியனுப்பினார்கள். என் துறையிலேயே மூத்த பேராசிரியை ஒருவர், "பிள்ளத்தாச்சிக்கு நல்லது நெனச்சு செஞ்சவளப் போயி இப்படிப் பண்ணிட்டியே" என்றார். அவர் ஆற்றங்கரைக்குப் போனதில்லை.

சமர்ப்பித்திருந்த ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றேன். அந்த நோட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கட்ட இன்னும் இரண்டு வருஷம் ஆனது. இப்போது கருவிகள் வரிசை வைத்துப் பேசுகின்றன. ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். பேச்சு நின்றால் திரை பச்சையாக இருக்காது. தெரியவில்லை என்று சொல்லும். நோட்டு யாருடையது என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். வேறு வழியில்லை. அளந்தவள் அவள்தான்.

கோபம் போய்விட்டது என்று சொல்லமுடியாது. அதைவிட மோசமான ஒன்று தங்கிவிட்டது. அவள் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தைகள் எத்தனையோ. நான் பாடம் நடத்துவது பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்றாள். முதல் கரு கலைந்ததில் என் தப்பு எதுவும் இல்லை என்று டாக்டர் அவளிடம் சொன்னதாகச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அப்போது நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த டாக்டர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். அவரைக் கேட்க வழியில்லை.

போன மாதம் புது பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. பக்கத்தில் நின்றிருந்தாள். அக்காவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஒதுங்கிப் போய்விடலாமா என்று நான் நினைப்பதற்குள் அவள் கிட்டே வந்துவிட்டாள்.

"நல்லாருக்கியாட்டி?"

"இருக்கேன்க்கா."

அவள் குனிந்து மகளின் தாடையைத் தொட்டாள். "ஆத்தா, அப்படியே ஒன்ன உரிச்சு வச்சிருக்கா. கண்ணு மூக்கு எல்லாம் நீதான்" என்றாள். மகள் வெட்கப்பட்டு என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அவளுடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

என் மகள் முழுக்க அவள் அப்பாவின் சாடை. பிறந்த அன்றிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நான் ஒங்கள மாதிரியா இருக்கேன்?"

எவ்வளவு ஆசையாகக் கேட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"இல்லம்மா. நீ அப்பா மாதிரி."

"அந்தப் பெரியம்மா அப்படிச் சொன்னாவளே?"

"அவிய சும்மா சொன்னாவ."

அவள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாளையங்கோட்டையில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, ரோட்டைக் கடக்கக்கூட அவள் என் கையைப் பிடிக்கவில்லை.